நிஜத் துப்பாக்கி மாதிரியே ஏர்சாஃப்ட் பிஸ்டல்... புதுச்சேரியில் வச்சிருக்கலாமா?

பிளாஸ்டிக் குண்டுதானே, பொம்மைதானேன்னு தோணலாம். ஆனால், கேஸில் இயங்கும் ஏர்சாஃப்ட் பிஸ்டலைக் கையில் எடுத்தால் அப்படித் தோணாது. பல மாடல்கள் உலோகத்தால் ஆனவை. எடையும் நிஜத் துப்பாக்கி அளவுக்கே இருக்கும்.

மேகசினில் அடைத்த கேஸ், டிரிகரை அழுத்தியதும் 6 மி.மீ. குண்டைத் தள்ளும், கூடவே மேல்பகுதி ஸ்லைடையும் பின்னுக்குத் தள்ளும். கையில் அதிர்வு தருவது அதுதான். 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் பாய்ந்தால் ஆற்றல் 1 ஜூல். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வெயில் ஏறினால் கேஸ் அழுத்தமும் ஏறும். அதனால், புதுச்சேரி மே மாதத்தில் வேகம் இன்னும் கூடும்.

சட்டம் என்ன சொல்லுது? 2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூல், 4.5 மி.மீ. இரண்டையும் தாண்டாத ஏர்கன்னுக்கே லைசென்ஸ் விலக்கு. மனு பாக்கர் பாரிஸில் பதக்கம் வென்ற ஏர் பிஸ்டலும் 4.5 மி.மீ.தான். ஏர்சாஃப்ட், ஆற்றலில் தப்பினாலும் 6 மி.மீ. அளவில் மாட்டிக்கொள்கிறது.

அதைவிட ஆபத்து அதன் தோற்றம். 2014-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஏர்சாஃப்ட் பிஸ்டல் வைத்திருந்த 12 வயது சிறுவன் டமிர் ரைஸை போலீஸ் சுட்டுக்கொன்றது. பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. கடற்கரைச் சாலையில் ரீல்ஸுக்காக இதை நீட்டினால், எதிரே வருபவருக்கும் ரோந்து போலீஸுக்கும் இது போலின்னு எப்படித் தெரியும்?