கூண்டில் நின்ற இருவர்

1944 ஏப்ரல் 1 காலை, சுவிட்சர்லாந்தின் வடகோடியில் உள்ள ஷாஃப்ஹவுசன் நகரின் மேல் அமெரிக்க லிபரேட்டர் விமானங்கள் குண்டு பொழிந்தன. அவை போயிருக்க வேண்டிய இடம் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன். இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மேகமூட்டம், பலத்த காற்று, ரேடார் கோளாறு எல்லாம் சேர்ந்து வழி தவறச் செய்தன. போதாக்குறைக்கு, நாட்டின் பெரும்பகுதி ரைன் ஆற்றுக்குத் தெற்கே இருக்க, இந்த நகரம் வடகரையில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஜெர்மனியாகவே பட்டது. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 40 பேர்.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில், ஒரு வெள்ளை டொயோட்டா காரை அமெரிக்க டிரோன் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. காரில் ஏற்றிய தண்ணீர் கேன்கள், திரையில் பார்த்தவர்களுக்கு வெடிபொருளாகத் தெரிந்தன. கார் ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் ஏவுகணை பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் குழந்தைகள். காரை ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்.

அன்று குண்டு குறி தவறியது. இன்று குறி தவறவில்லை, குறித்ததுதான் தவறு. மேகத்தைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

ஷாஃப்ஹவுசன் விஷயத்தில் வாஷிங்டன் உடனே வருத்தம் தெரிவித்தது. அந்த ஆண்டு அக்டோபருக்குள் 40 லட்சம் டாலர் கொடுத்தது. சுவிஸ் மண்ணில் விழுந்த குண்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 1949இல் 6 கோடியே 20 லட்சம் பிராங்குக்கு மேல் ஈடு தரப்பட்டது. 1945 மார்ச் 4 அன்று சூரிச்சில் இதே போன்ற தவறில் 5 பேர் இறந்தபோது, முன்னணி விமானத்தின் விமானியும் வழிகாட்டியும் இங்கிலாந்தில் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர், குண்டுவீச்சு விமானியாகப் போரிட்ட ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். வானிலையும் கருவிக் கோளாறும் கணக்கில் கொள்ளப்பட்டு இருவரும் விடுதலையானார்கள். தண்டனை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேள்வி, பெயர் உள்ள இரண்டு மனிதர்களிடம் கேட்கப்பட்டது.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. கணக்குக் கேட்டது ஒரு நடுநிலை நாடு. அதன் நட்பு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. சூரிச்சில் குண்டு விழுந்த சில நாட்களிலேயே டோக்கியோவில் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிந்து மாண்டார்கள். அதற்கு விசாரணை இல்லை, ஈடும் இல்லை. அங்கே தவறு எதுவும் நேரவில்லை, நகரைத்தான் குறிவைத்தார்கள். இன்று அப்படிச் செய்துவிட்டு அதையே போர்முறை என்று வெளிப்படையாகச் சொல்ல ராணுவங்கள் தயங்குகின்றன. இது சிறிய மாற்றமல்ல.

இன்னொரு லாபமும் உண்டு. காபூல் தாக்குதல் நியாயமானது என்று முதலில் சொன்னார் அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைவர் ஜெனரல் மில்லி. கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை வைத்து அதைப் பொய்யாக்கியவர்கள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள். 19ஆம் நாள், செப்டம்பர் 17 அன்று, தவறு நேர்ந்துவிட்டது என்று ராணுவம் ஒப்புக்கொண்டது. தூதரகம் வைத்து வாதாட முடியாத ஒரு குடும்பத்துக்காக உண்மை அத்தனை விரைவில் வெளிவந்தது, நாற்பதுகளில் நினைத்துப் பார்க்க முடியாதது.

அதன் பிறகுதான் பாதை அடைபடுகிறது. ஆய்வு செய்த விமானப்படைத் தலைமை ஆய்வாளர், சட்ட மீறல் இல்லை என்றார். ஏவுகணை புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு ஒரு குழந்தை காட்சியில் தெரிந்ததையும் அவரே சொன்னார். டிசம்பரில், யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று பென்டகன் அறிவித்தது. 2015இல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகர மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்ததற்கு 16 பேர் மீது துறை நடவடிக்கை மட்டும் வந்தது, வழக்கு வரவில்லை. கேமரா பார்த்தவர், படத்தை விளக்கியவர், உத்தரவிட்டவர், பொத்தானை அழுத்தியவர் என்று வேலை பலர் கைக்குப் பிரிந்தபோது பழியும் பிரிந்து, யார் தலையிலும் விழாத அளவுக்குச் சன்னமாகிவிட்டது.

இப்போதைய அமெரிக்கச் சட்டம், இத்தகைய சாவுகளுக்கும் சேதங்களுக்கும் கருணைத் தொகையாக உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரை அனுமதிக்கிறது. அது பொறுப்பை ஏற்றுத் தரும் ஈடு அல்ல. தரலாமா, வேண்டாமா என்பதைக் குண்டு போட்ட ராணுவத்தின் துறையே முடிவு செய்கிறது.