மேலாண்மைப் படிப்பு: பத்தாம் வகுப்பிலேயே என்ன அவசரம்?

எம்.பி.ஏ. படிப்பைப் பற்றிப் பள்ளி மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைக்கிறாளே!" என்று ஆச்சி சிரித்தார்கள். ஆச்சி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எம்.பி.ஏ. படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். அதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்கும் முன் நம் தலைமேல் நிற்கும் இந்தப் பொதுத்தேர்வு. ஆயினும் விவரங்களைத் திரட்டியபோது ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. நம் நாட்டின் முதன்மையான மேலாண்மைக் கல்லூரிகளுள் சில, நேர்முகத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்யும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் எடுத்துப் பார்க்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நாம் நிரப்பப் போகும் விண்ணப்பத்தின் முதல் கட்டத்தை, தோழியரே, இந்த ஆண்டே நிரப்பிவிடுகிறோம்!

மேலாண்மை என்றால் என்ன? குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது கடினமான கேள்வி அன்று. ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கியதும் பேரருவிக்குப் போகும் பாதை நெடுகிலும் பழக்கடைகள் முளைக்கும். ஒரு கடைக்காரர் விடியற்காலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்க வேண்டும். பத்துப் பெட்டியா, ஐம்பது பெட்டியா? வெயில் அடித்து அருவி வற்றினால் கூட்டம் வராது. மலையில் கனமழை பெய்து வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வந்த கூட்டமும் திரும்பிப் போய்விடும். இரண்டிலும் பழம் அழுகிப் போகும். குறைவாக வாங்கினாலோ நல்ல சாரல் நாளில் பத்து மணிக்கே கடை காலி. சரியான விவரம் முழுதும் கையில் இல்லாதபோதும் ஒரு முடிவை எடுத்து, அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். இதைப் படிப்பாகச் சொல்லிக் கொடுப்பதே மேலாண்மைக் கல்வி.

அமெரிக்காவில் 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளியில், இப்படிப்பட்ட நிலைமை ஒன்றை எழுதிக் கொடுத்து, "நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?" என்று வகுப்பில் வாதாட விடும் முறை வளர்ந்தது. இந்தியாவில் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள், அதாவது ஐ.ஐ.எம்.கள், தோன்றின. அகமதாபாத் கழகம் ஹார்வர்டின் துணையோடு தொடங்கியதால் அதே முறை அங்கும் வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட ஐ.ஐ.எம்.கள் உள்ளன. நம் மாநிலத்தில் திருச்சிராப்பள்ளியில் 2011 முதல் ஒன்று இயங்குகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்தது நம் திருச்சபையோடு தொடர்புடையது. ஜாம்ஷெட்பூரில் 1949-இல் இயேசு சபைக் குருவான அருள்தந்தை குவின் என்ரைட் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. தான் அது. தொழிலாளர் உறவு பற்றிய படிப்பே அதன் தொடக்கம். பெயரிலேயே அது இருக்கிறது. லாபக் கணக்கிலிருந்து தொடங்காமல் தொழிலாளியிடமிருந்து தொடங்கிய வணிகப் பள்ளி என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் இயேசு சபையாரின் லிபா 1979 முதல் நடைபெறுகிறது.

ஐ.ஐ.எம்.களில் சேர 'கேட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் மாத இறுதி வாக்கில் நடக்கும். 2024-இல் ஏறக்குறைய 2,93,000 பேர் எழுதினார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாலும் எழுதலாம். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். மொத்தம் இரண்டு மணி நேரம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம். ஆங்கில வாசிப்பு ஒன்று, தகவல்களை வைத்து ஆராய்தல் ஒன்று, கணிதம் ஒன்று. இதில் வாங்கும் மதிப்பெண்ணை விட 'பெர்சன்டைல்' என்னும் கணக்கே பெரிது. 99 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் என்று நான் முதலில் நினைத்தேன். அது தவறு. எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை எட்டியோ முந்தியோ நிற்கிறோம் என்று அர்த்தம். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்தும் 'சாட்' தேர்வில் முடிவெடுக்கும் திறனுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பழக்கடைக்காரரின் தலைவலி அங்கே வினாத்தாளாக வருகிறது! தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் 'டான்செட்' தேர்வு நடத்துகிறது.

தேர்வு மட்டும் போதாது. அகமதாபாத், பெங்களூர் கழகங்கள் பத்து, பன்னிரண்டு, பட்டப் படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்தே அழைப்பு அனுப்புகின்றன. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. அதற்காக நாம் மனம் கலங்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் குறைந்ததை நுழைவுத் தேர்வில் ஈடு செய்தவர்கள் உண்டு. எல்லாக் கல்லூரிகளும் ஒரே கணக்குப் பார்ப்பதும் இல்லை.

இனி கணிதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நம் வகுப்பில் பலர், "பிளஸ் ஒன்னில் கணக்கை விட்டுத் தொலைத்துவிடுவேன்" என்று இப்போதே சபதம் செய்திருக்கிறார்கள். வணிகவியல் பிரிவை எடுத்தாலும் வணிகக் கணிதம் இருக்கும் பிரிவை விட்டு, அதற்குப் பதில் வரலாறு இருக்கும் பிரிவைத் தேடுகிறார்கள். வரலாறு நல்ல பாடம்தான், எனக்கும் பிடிக்கும். கணிதம் இல்லாமல் படித்தவர் 'கேட்' எழுதக் கூடாது என்ற விதியும் இல்லை. ஆனால் அத்தேர்வின் கணிதப் பகுதியில் வருவன பெரும்பாலும் சதவீதம், விகிதம், லாப நட்டம், வேகமும் நேரமும், இயற்கணிதம், வடிவியல் ஆகியவை. நாம் இப்போது படிக்கும் கணக்குதான், கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இன்று கையில் இருப்பதை ஐந்தாண்டு தொடாமல் விட்டுவிட்டு, பிறகு பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் அதையே திரும்பப் படிப்பது எவ்வளவு வீண்! இதோ ஒரு கணக்கு: பத்துக் கிலோ மங்குஸ்தான் 2,000 ரூபாய், ஐந்தில் ஒரு பங்கு அழுகிவிட்டது, மீதியைக் கிலோ என்ன விலைக்கு விற்றால் 20 சதவீத லாபம் வரும்? விடையைப் பிறகு சொல்கிறேன்.

பட்டம் பெறும் வரை காத்திராமல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே சேரும் வழியும் உண்டு. இந்தூர் ஐ.ஐ.எம். 2011-இல் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைத் தொடங்கியது. பின்னர் ரோத்தக் முதலிய இடங்களிலும் வந்தது. அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு. கணிதமும் ஆங்கிலமும் முக்கியம். பள்ளி இறுதியிலேயே எழுத வேண்டியிருப்பதால், அங்கு போக விரும்புபவர்களுக்கு நம்மிடம் இருப்பது இரண்டே ஆண்டுகள்.

ஆங்கில வாசிப்புக்கு மனப்பாடம் உதவாது. அறிவியல், வரலாறு, தத்துவம் என்று எங்கிருந்தோ ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவரின் கருத்து எது என்று கேட்பார்கள். நம் நூலக நேரத்தில் தினத்தாளின் தலையங்கத்தை ஒன்று படித்து, மூன்று வரியில் சுருக்கி எழுதிப் பழகலாம். நான் ஆடியில் தொடங்கினேன். முதல் வாரம் ஒன்றும் விளங்கவில்லை. இப்போது பாதி விளங்குகிறது.

எழுத்துத் தேர்வைத் தாண்டினால் நேர்முகம். அங்கே நாம் செய்த காரியங்களைத் துருவித் துருவிக் கேட்பார்கள். நான் சொல்லக்கூடிய காரியம் ஒன்று உண்டு, பெருமைக்குரியது அன்று. பள்ளிக் கண்காட்சியில் நாங்கள் ஐவர் நன்னாரி சர்பத் கடை போட்டோம். ஒரு குவளை பத்து ரூபாய். 92 குவளை விற்றது. சர்பத்துக்கும் எலுமிச்சைக்கும் ஆன செலவு 430 ரூபாய். 490 ரூபாய் லாபம் என்று ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் சிஸ்டர் என்னை அழைத்து, "ஐஸ் யார் வாங்கித் தந்தது?" என்று மட்டும் கேட்டார்கள். ஐஸ் 180, காகிதக் குவளை 150, ஆட்டோ 200. எல்லாம் அப்பா கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் நாற்பது ரூபாய் நட்டம்! அடுத்த நாள் காலை வணக்கக் கூட்டத்தில் அதையும் நானே சொன்னேன். அன்று கற்றுக்கொண்டது இன்றுவரை மறக்கவில்லை.

பேசிப் பழகுவதற்கு நம்மைப் போன்ற ஒரு கான்வென்ட் மாணவியே சான்று. சென்னையில் 1955-இல் பிறந்து, தியாகராய நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்த இந்திரா நூயி, 1976-இல் கல்கத்தா ஐ.ஐ.எம். படிப்பை முடித்தார், பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சென்றார், 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமை நிர்வாகியாக இருந்தார். சிறு வயதில் இரவு உணவு வேளையில் அவருடைய தாயார் மகள்களிடம், "நீ பிரதமரானால் என்ன செய்வாய்?" என்பது போலக் கேட்டுப் பேச வைத்து, யார் பேச்சு நன்று என்று வாக்களிப்பாராம். இதற்குச் செலவு ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் முயன்று பார்த்தோம். தம்பியே தினமும் வென்றுவிடுகிறான். ஆச்சியின் வாக்கு எப்போதும் அவனுக்குத்தான்!

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது சரியாகாது. பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் இருபது லட்சத்துக்கும் மேல். இதைக் கேட்டதும் பெண்பிள்ளைக்கு எதற்கு என்று பலர் வீட்டில் பேச்சு முடிந்துவிடும். அப்போது சொல்ல வேண்டியது: இத்தகைய நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்குப் பாரத ஸ்டேட் வங்கி, 'ஸ்காலர்' கடன் திட்டத்தில் சொத்துப் பிணை கேட்காமலே கடன் தருகிறது. அது வேண்டாம் என்பவர்களுக்கு அருகிலேயே, அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் எம்.பி.ஏ. இருக்கிறது.

நம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இருக்கும்போது பட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கல்லூரிக்குப் போகாதவர்களையும் தன் சொந்தப் பள்ளியில் பயிற்றுவித்து அந்நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்வது உண்மை. அதுவும் ஒரு வழிதான். ஆனால் அங்கும் கணக்குக்குப் பயந்தவர்கள் சமாளிப்பது கடினம் என்றே நினைக்கிறேன்.

மங்குஸ்தான் கணக்கின் விடை கிலோ 300 ரூபாய். என் அருகில் அமரும் தோழியிடம் இதைக் கொடுத்தேன். கணக்கை விட்டுவிடுவதாகச் சபதம் செய்தவர்களில் அவளும் ஒருத்தி. முதலில் 240 என்றாள்; அழுகிய பழத்தையும் சேர்த்து விற்றுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மதிய உணவு மணி அடித்த பிறகும் எழாமல் இருந்து, தானே அடித்துத் திருத்தி 300 என்று எழுதி நீட்டினாள். தேர்வு முடிந்ததும் பிளஸ் ஒன் பிரிவுக்கு விண்ணப்பம் தருவார்கள். எந்தப் பிரிவு எழுதுவாய் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.