முழுச்சட்ட எண்ணிம ஒளிப்படக்கருவி

முழுச்சட்ட எண்ணிம ஒளிப்படக்கருவி என்பது 35 மி.மீ படச்சுருளின் ஒரு சட்டத்துக்கு ஒப்பான, ஏறத்தாழ 36 × 24 மி.மீ அளவுள்ள உணரியைக் கொண்ட எண்ணிமக் கேமரா ஆகும். இதனைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி வகை உணரி கொண்ட கருவிகள் விலை குறைந்தவை. பயில்வோர் பெரும்பாலும் அவற்றிலேயே தொடங்குகின்றனர். சில ஆண்டுகள் பழகிய பின்னர் முழுச்சட்டத்துக்கு மாறலாமா என்ற கேள்வி எழுகிறது. கையில் உள்ள தொகை குறைவாக இருக்கும்போது இக்கேள்விக்கான விடை கருவியின் விலையைவிட வில்லைகளின் விலையையும், எடுக்கப்படும் படங்களின் தன்மையையும் சார்ந்தே அமைகிறது.

அளவுகள்

35 மி.மீ என்பது துளைகளையும் சேர்த்த படச்சுருளின் அகலம் ஆகும். திரைப்படச் சட்டத்தின் அளவை (24 × 18 மி.மீ) இரட்டித்து 36 × 24 மி.மீ ஆக்கி, 1925ஆம் ஆண்டு செருமனியில் விற்பனைக்கு வந்த லைக்கா கருவி இவ்வளவை ஒளிப்படத்துறையில் பரவச் செய்தது. இக்கருவியை வடிவமைத்தவர் ஆசுக்கர் பர்னாக்.

முழுச்சட்ட உணரியின் பரப்பு 864 சதுர மி.மீ. நிக்கான், சோனி ஆகியவற்றின் ஏ.பி.எஸ்-சி உணரி ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ; பரப்பு 367 சதுர மி.மீ. கெனானின் ஏ.பி.எஸ்-சி இன்னும் சற்றுச் சிறியது (22.3 × 14.9 மி.மீ). ஒரே வில்லையைப் பொருத்தினாலும் சிறிய உணரி படத்தின் நடுப்பகுதியை மட்டுமே பதிவு செய்யும். மூலைவிட்டங்களின் விகிதமான 1.5 அல்லது 1.6 என்பதே வெட்டுக் காரணி எனப்படுகிறது. வெட்டுக் காரணி 1.5 உள்ள கருவியில் 50 மி.மீ வில்லையின் பார்வைக் கோணம், முழுச்சட்டத்தில் 75 மி.மீ வில்லையின் கோணத்துக்குச் சமம். வில்லையின் குவியத் தூரம் மாறுவதில்லை. இதில் மாணவர்கள் அடிக்கடி குழம்புவது உண்டு.

விலை மிகுவதற்கான காரணம்

உணரிகள் வட்டமான சிலிக்கன் தகடுகளில் உருவாக்கப்பட்டு வெட்டி எடுக்கப்படுகின்றன. பரப்பு 2.4 மடங்கானால் விலையும் 2.4 மடங்குதானே ஆகவேண்டும் எனத் தோன்றலாம். ஆனால் தகட்டில் ஆங்காங்கே குறைபாடுகள் அமைவது தவிர்க்க முடியாதது. எடுத்துக்காட்டாக, ஒரு தகட்டில் 10 குறைபாடுகள் வெவ்வேறு உணரிகளில் விழுந்தால், 50 சிறிய உணரிகளில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். அதே தகட்டில் 20 பெரிய உணரிகள் இருந்தால் பாதி வீணாகும். மேலும், சில்லு தயாரிப்பில் பயன்படும் ஒளியச்சு எந்திரங்கள் ஒரே முறையில் அச்சிடக்கூடிய பரப்பு பொதுவாக 26 × 33 மி.மீ மட்டுமே. முழுச்சட்ட உணரி அதில் அடங்காது. எனவே பகுதி பகுதியாக அச்சிட்டு நுட்பமாக இணைக்க வேண்டியுள்ளது.

விலை இறங்கிய வரலாறு

முதல் முழுச்சட்ட எண்ணிம எசு.எல்.ஆர் கருவி 2002ல் வெளியான கான்டாக்சு என் டிஜிட்டல். அதே ஆண்டில் 11 மெகாபிக்சல் கொண்ட கெனான் 1டிஎசு வந்தது. இவை தொழில்முறைக் கலைஞர்களுக்கும் எளிதில் எட்டாத விலையில் இருந்தன. 2005ல் 3,299 அமெரிக்க டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட கெனான் 5டி, ஆர்வலர்களுக்கும் முழுச்சட்டம் கிட்டும் என்ற நிலையை உருவாக்கியது. நிக்கான் 2007ல் டி3, 2008ல் டி700 ஆகியவற்றை வெளியிட்டது. 2009ல் சோனி ஏ850 கருவியை 2,000 டாலருக்கும், 2012ல் நிக்கான் டி600, கெனான் 6டி ஆகியவற்றை 2,100 டாலருக்கும் விற்றனர். சோனி ஏ7 (2013) ஆடியில்லா வகையில் 1,700 டாலருக்கும், கெனான் ஆர்.பி (2019) 1,300 டாலருக்கும் வந்தன. இவை அனைத்தும் வில்லை இல்லாத வெறும் உடலின் அறிமுக விலைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒளியும் இரைச்சலும்

முழுச்சட்டத்தின் முதன்மை நன்மையாகக் கூறப்படுவது குறைந்த ஒளியில் இரைச்சல் குறைவு என்பதாகும். இதன் அடிப்படை எளிமையானது. ஒளி துகள்களாக வந்து விழுகிறது. வரும் எண்ணிக்கையில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் 100, அதாவது ஒரு விழுக்காடு. 100 மட்டுமே விழுந்தால் 10, அதாவது பத்து விழுக்காடு. ஒரே எஃப் எண்ணிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் 2.4 மடங்கு பரப்புள்ள உணரி 2.4 மடங்கு ஒளியைப் பெறுகிறது. இது ஏறத்தாழ ஒன்றேகால் படி ஒளி மிகுதிக்குச் சமம். ஏ.பி.எஸ்-சியில் ஐ.எஸ்.ஓ 1600ல் கிடைக்கும் தூய்மை, அதே தலைமுறை முழுச்சட்டத்தில் ஐ.எஸ்.ஓ 3200க்குச் சற்று மேலும் கிடைக்கும்.

"அதே தலைமுறை" என்பது முக்கியம். 2005ஆம் ஆண்டின் 5டி கருவியின் இயல்பான ஐ.எஸ்.ஓ எல்லை 1600, நீட்டித்தால் 3200. அண்மைக்கால ஏ.பி.எஸ்-சி உணரிகள் இருண்ட பகுதிகளின் தூய்மையில் அதனை மிஞ்சிவிட்டன.

எஃப் எண் ஒன்றாக இருந்தால் என்ற நிபந்தனையும் கவனத்துக்குரியது. படத்துக்குள் வரும் மொத்த ஒளி வில்லைத் துளையின் உண்மையான விட்டத்தைப் பொறுத்தது. ஏ.பி.எஸ்-சியில் 50 மி.மீ, எஃப்/2.8 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 18 மி.மீ. முழுச்சட்டத்தில் அதே கோணத்தைத் தரும் 75 மி.மீ வில்லையில் எஃப்/4.2 வைத்தாலும் விட்டம் 18 மி.மீ தான். இரண்டிலும் மொத்த ஒளி சமம். புல ஆழமும் சமம். இரைச்சலும் ஏறத்தாழச் சமம். எனவே ஏ.பி.எஸ்-சியில் 17–50 மி.மீ எஃப்/2.8 வில்லை வைத்திருப்பவர், முழுச்சட்டம் வாங்கி எஃப்/4 ஜூம் வில்லையுடன் நிறுத்திக்கொண்டால் மங்கிய மண்டபத்தில் எடுக்கும் படங்களில் பெரிய வேறுபாட்டைக் காணமாட்டார்.

சில வேளைகளில் இழப்பும் நேரும். ஆர்.பி கருவியுடன் சேர்த்து விற்கப்பட்ட மலிவான 24–105 மி.மீ வில்லையின் துளை நீள்முனையில் எஃப்/7.1 ஆகச் சுருங்குகிறது. இது கெனான் ஏ.பி.எஸ்-சியில் எஃப்/4.4க்கு ஒப்பாகும். 2006ல் வெளியான கெனானின் 17–55 மி.மீ எஃப்/2.8 ஏ.பி.எஸ்-சி வில்லையை விற்றுவிட்டு இதற்கு மாறுபவர், பணமும் செலவழித்து ஒளியையும் இழக்கிறார்.

இதற்கு நேர்மாறான நிலை மாறாக் குவிய வில்லைகளில் உண்டு. கெனானின் ஆர்.எஃப் 50 மி.மீ எஃப்/1.8 வில்லை 2020ல் 200 டாலருக்கு வந்தது. ஏ.பி.எஸ்-சியில் இதற்கு ஈடாக ஏறத்தாழ 32 மி.மீ எஃப்/1.1 வில்லை வேண்டும். ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் 33 மி.மீ எஃப்/1.4 வில்லை (2021) 800 டாலர். அப்போதும் அது ஈடாகவில்லை. குறைந்த செலவில் முழுச்சட்டம் மெய்யாகவே பயன் தரும் இடம் இதுவே: விலை குறைந்த உடல், எஃப்/1.8 மாறாக் குவிய வில்லை ஒன்று அல்லது இரண்டு, ஆள் படங்களும் உள்ளரங்கப் படங்களும்.

பயன் குறைவான இடங்கள்

பறவைகளைப் படமெடுப்போருக்கு வில்லை எப்போதும் எட்டாமலேயே இருக்கும். எப்படியும் படத்தை வெட்டப் போகிறவர் பெரிய உணரிக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதியை வெட்டி எறிகிறார். 2017ல் 3,300 டாலருக்கு வந்த நிக்கான் டி850 (45.7 மெகாபிக்சல்) ஏ.பி.எஸ்-சி அளவுக்கு வெட்டப்பட்டால் 19.4 மெகாபிக்சல் தரும். அதற்கு முந்தைய ஆண்டில் 2,000 டாலருக்கு வந்த டி500 நேரடியாகவே 20.9 மெகாபிக்சல் தந்தது.

புல ஆழம் மிகுதியாக வேண்டும் என்பதற்காகத் துளையைச் சுருக்கி, கையில் பிடித்தபடி எடுப்போருக்கும் நன்மை கரைந்துவிடும். முழுச்சட்டத்தில் அதே ஆழத்துக்குத் துளையை இன்னும் சுருக்கவேண்டும், ஐ.எஸ்.ஓவை உயர்த்தவேண்டும். முக்காலியில் வைத்து நீண்ட நேரம் ஒளியூட்டும் நிலக்காட்சிகளுக்கு இத்தடை இல்லை.

இவற்றைத் தம் அளவில் அறியப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை. ஏற்கனவே எடுத்த படங்களின் எக்சிஃப் தரவில் குவியத் தூரம், எஃப் எண், ஐ.எஸ்.ஓ ஆகியன பதிவாகியிருக்கும். சில நூறு படங்களைப் பார்த்தாலே எந்த வில்லை, எந்தத் துளை, எவ்வளவு ஒளி என்பது விளங்கிவிடும். ஐ.எஸ்.ஓ 800ஐத் தாண்டிய படங்கள் அரிதாக இருப்பின் மாற்றத்துக்கான தேவையும் அரிது.

பழைய வில்லைகளும் பழைய கருவிகளும்

கெனானின் இ.எஃப்-எசு வில்லைகள் அந்நிறுவனத்தின் முழுச்சட்ட எசு.எல்.ஆர் கருவிகளில் பொருந்தா. நிக்கானின் டி.எக்சு வில்லைகள் பொருந்தும். ஆனால் கருவி படத்தை வெட்டிக்கொள்ளும். 12.1 மெகாபிக்சல் டி700 அப்போது 5.1 மெகாபிக்சலே தரும்.

பயன்படுத்தப்பட்ட கருவி வாங்குவது செலவைக் குறைக்கும். 5டியின் ஷட்டர் 100,000 முறையும், டி700 ஷட்டர் 150,000 முறையும் இயங்கும் என மதிப்பிடப்பட்டவை. எத்தனை முறை இயங்கியது என்பதை விற்பவரிடம் கேட்டறிய வேண்டும். இவ்விரண்டும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டைகளைப் பயன்படுத்துவன, ஆகவே அட்டைக்கும் படிப்பானுக்கும் தனியே செலவாகும். டி600 கருவியில் உணரி மீது எண்ணெயும் தூசியும் படியும் சிக்கல் இருந்தது. 2014ல் நிக்கான் ஷட்டரைக் கட்டணமின்றி மாற்றித் தந்தது. அவ்வாறு மாற்றப்பட்டதா என்பது தெரியாத கருவியில், ஒளிமிக்க வானத்தையோ வெள்ளைத் தாளையோ எஃப்/16 துளையில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் தென்படும்.