தூண்டிற் போட்டி

காஞ்சிமாநகரை அடுத்துப் பாலாற்றின் பக்கமாக ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரம் ஏரிகளுக்கும் பெயர்பெற்றது. மழைக்காலத்தில் ஏரி நிறைந்து கலங்கல் வழியே நீர் வழியும்போது, மூங்கிற்கோலும் நூலும் முள்ளும் தக்கையுமாகச் சிறுவர் கரையில் அமர்வர். மண்புழுவை முள்ளிற் கோத்து நீரில் இட்டுத் தக்கையின்மேல் கண்வைத்துக் காத்திருப்பர். தக்கை அமிழ்ந்த அக்கணமே கோலைச் சுண்டி இழுப்பர். அகப்பட்ட கெண்டையும் கெளுத்தியும் அன்றைய குழம்புக்கு உதவும்.

இங்கே உணவு தேடும் கருவியாகிய தூண்டில், வேறு நாடுகளில் விளையாட்டுக் கருவியாகவும் விளங்குகிறது. அமெரிக்க நாட்டிலோ, கல்லூரி மாணவர் பந்தாட்டத்திற் போட்டியிடுவதுபோலத் தூண்டிலிடுவதிலும் போட்டியிடுகின்றனர். அப்போட்டியின் இயல்பு அறியத்தக்கது. ஏனெனில், அதில் மீனைக் கொல்பவன் வெல்வதில்லை. அதனை உயிரோடு காப்பவனே வெல்கிறான்.

இப்போட்டிக்கு உரிய மீன் ‘பாஸ்’ எனப்படும். அது வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் இயற்கையாக வாழும் நன்னீர் மீன். பசுமை கலந்த நிறமும் அகன்ற வாயும் உடையது. நம் நாட்டு விராலுக்கும் அதற்கும் இனவுறவு இல்லையெனினும், குணத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டும் பாசிக்கும் கொடிக்கும் இடையே பதுங்கியிருந்து, அருகில் வரும் சிறுமீனையும் தவளையையும் பாய்ந்து பற்றும். விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விட்டகலாது காப்பதை ஊரார் அறிவர். பாஸ் மீனிலும் ஆண்மீன் கூடமைத்து முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் புரிகிறது.

பாஸ் மீன் போட்டிகளை நாடெங்கும் பரப்பியவர் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்காட் என்பவர். காப்பீட்டுத் தொழில் புரிந்துவந்த அவர், 1967ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் ஒரு பெரும்போட்டியை நடத்தினார். அதில் 106 பேர் கலந்துகொண்டனர். அந்நாளில் பிடிபட்ட மீன்கள் மீண்டும் நீரைக் காணவில்லை. போட்டிகள் பெருகினால் ஏரிகள் வறுமையுறும் என்பது தெளிவாயிற்று. ஆகவே, 1972ஆம் ஆண்டு முதல், ‘பிடித்த மீனைக் கொல்லாதீர்’ என்னும் கொள்கையை அவர் தம் போட்டிகளிற் புகுத்தினார். அதுவே பின்னர் ஏனைய போட்டிகளுக்கும் வழிகாட்டியாயிற்று.

கல்லூரிப் போட்டி நடைபெறும் முறை வருமாறு: ஒரே கல்லூரியைச் சேர்ந்த மாணவர் இருவர் ஒரு படகிற் செல்வர். போட்டிக்குச் சில நாள் முன்னரே ஏரிக்கு வந்து, ஆழம் எங்கே, பாசி எங்கே, மூழ்கிய மரங்கள் எங்கே என்று ஆராய்ந்து குறித்துக்கொள்வர். போட்டி நாளில், புலர்காலை வெளிச்சம் பரவியதும் படகுகள் வரிசைப்படி புறப்படும். உயிருள்ள புழுவையோ சிறுமீனையோ இரையாகப் பயன்படுத்தல் கூடாது. மரம், உலோகம், நெகிழி முதலியவற்றாற் செய்த பொய்யிரையே பயன்படும். அதனைத் தவளைபோலத் துள்ளவும் சிறுமீன்போல நெளியவும் செய்வதிற்றான் கைத்திறன் அடங்கியுள்ளது. காற்றின் திசை, நீரின் வெப்பம், வெயிலின் கடுமை ஆகியவற்றிற்கேற்ப மீன் இடம் மாறும். அதனை உணர்ந்து இரையையும் இடத்தையும் மாற்றுவதே அறிவுத்திறன்.

எத்தனை மீன் பிடிப்பினும், ஒரு படகிற்கு 5 மீன்களே கணக்கிற்கு உரியன. ஆறாவது மீன் பெரிதாயின், இருப்பவற்றுள் சிறியதை நீரில் விட்டுவிடவேண்டும். குறித்த நீளத்திற்குக் குறைந்த மீனை உடனே விட்டுவிடல் வேண்டும். குறித்த நேரத்திற்குள் கரை சேராவிடின், தாமதமான ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஓர் இராத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம், எடையிற் குறைப்பது பல போட்டிகளில் உள்ள விதி. இறந்த மீனைக் கொண்டுவருவோர்க்கும் எடை குறைக்கப்படும். கிராம் கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டியில் அக்குறைப்பு பரிசையே பறித்துவிடக்கூடும்.

ஆதலின், மீனை உயிரோடு வைத்திருத்தல் மாணவரின் பெருங்கவலையாகிறது. படகினுள் நீர்த்தொட்டி ஒன்று அமைந்திருக்கும். மீன் செவுள்களால் நீரிற் கரைந்த உயிர்வளியைச் சுவாசிக்கிறது. நீர் சூடேறினால் அதிற் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும்; அடைபட்ட மீனுக்கு மூச்சு முட்டும். எனவே, தொட்டியிற் புதுநீரும் காற்றும் இடைவிடாது செலுத்தப்படும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளல் நன்று. உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும். எடையிட்டபின் மீன்கள் மீண்டும் ஏரியில் விடப்படும்.

போட்டியின் உயிர்நாடி நேர்மை. அகன்ற ஏரியில் மாணவரை எந்நேரமும் காண்பார் இலர். தராசு ஒன்றே சான்று. அத்தராசையும் ஏமாற்ற முயன்றோர் உண்டு. 2022ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில், மாணவர் அல்லாத இருவர் வேறோர் இன மீனுக்கான போட்டியில் மீன்களின் வயிற்றினுள் ஈயக் குண்டுகளைத் திணித்து எடைக்கு வைத்தனர். ஐயுற்ற நடுவர் மீனைக் கூடியிருந்தோர் முன்னிலையில் அறுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு அவ்விருவரும் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 நாள் சிறைத் தண்டனை பெற்றனர்; அவர்தம் படகும் பறிபோயிற்று. பெரும்பரிசை விரும்பியவர் எய்தியது பெரும்பழியே.

பிடித்து விடுவதனாலேயே மீனுக்குத் துன்பமில்லை என்று கூறிவிட முடியாது. வெப்பம் மிகுந்த காலத்தில், விடப்பட்ட மீன்களுட் சில பின்னர் இறந்துபடுகின்றன. முட்டை காக்கும் ஆண்மீனைப் பிடித்து நெடுந்தொலைவு கொண்டுசென்றால், காவலற்ற கூட்டை ஏனைய மீன்கள் சூறையாடுகின்றன. விளையாட்டின்பொருட்டு ஓருயிரை வருத்துதல் தகுமோ என்று வினவுவோரும் உளர். இவ்வினாக்கள் எழுந்ததனாலேயே விதிகள் மேலும் திருந்திவருகின்றன.

நம் நாட்டிலும் தூண்டில் விளையாட்டு புதிதன்று. சென்னை மாகாணத்தில் அரசுப் பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், 1873ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டிற்கலை பற்றி நூல் எழுதினார். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழும் கூனல் முதுகு ‘மகசீர்’ மீனை நாடித் தூண்டிற்காரர் பலர் வந்தனர். 1946ஆம் ஆண்டில் கபினியாற்றில் 120 இராத்தல் எடையுள்ள மகசீர் ஒன்று பிடிபட்டது. இன்றோ அவ்வினம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அணைகளும், மணற்கொள்ளையும், வெடிவைத்து மீன் பிடித்தலும், வேற்றிட மகசீர் இனத்தைக் காவிரியில் விட்டமையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2018ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அம்மீனின் அறிவியற் பெயரை உறுதி செய்தபோது, தூண்டிற்காரர் விட்டுச்சென்ற பழைய நிழற்படங்களும் குறிப்புகளும் துணைபுரிந்தன. பிடித்தவர் எழுதிவைத்த எடையும் நாளுமே, இழந்தது எவ்வளவு என்பதை இன்று எடுத்துரைக்கின்றன.

மீன் இருந்தாலன்றித் தூண்டில் இல்லை. நீர் இருந்தாலன்றி மீன் இல்லை. உணவுக்குப் பிடிப்பவர்க்கும் விளையாட்டுக்குப் பிடிப்பவர்க்கும் இவ்வுண்மை பொதுவானது. குஞ்சுகளை விட்டுவிடுதலும், முட்டையிடும் பருவத்தில் பொறுத்திருத்தலும், ஏரிநீரிற் கழிவு கலவாமற் காத்தலும் எவ்வூரார்க்கும் இயல்வனவே. வேண்டிய அளவே கொள்க, எஞ்சியதை நீருக்கே விடுக என்பதே தூண்டில் பிடிக்கும் கைக்கு உரிய அறம்.