பத்து மாதக் குட்டியோடு சிங்கப்பூர்: பாஸ்போர்ட் முதல் பருப்பு சாதம் வரை!

"பால்குடி மறக்காத புள்ளையத் தூக்கிக்கிட்டு கடல் தாண்டிப் போறோம்ங்கிறியே, அங்க போய் காய்ச்சல் வந்தா யாருடா பார்ப்பா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் 'சிங்கப்பூர்' என்று வாயைத் திறந்ததுமே அம்மா கேட்ட கேள்வி இது. அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அண்ணிதான் பதில் சொன்னார். "அத்தை, புள்ள பிறந்து எட்டு மாசமாச்சு. நான் வாசல் தாண்டினது தடுப்பூசி போடத்தான்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னார், "அப்ப நானும் வர்றேன்."

வீட்டில் 'ஆன்லைன் வேலை' பார்ப்பவள் நான் ஒருத்திதான் என்பதால், திட்டமிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதில் தெரிந்துகொண்டது இது. கைக்குழந்தையோடு கிளம்பும் யாருக்காவது உதவட்டும்.

பெயரே இல்லாத பிறப்புச் சான்றிதழ்

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பதெல்லாம் பழைய கதை. விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் குட்டியின் பிறப்புச் சான்றிதழை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தோம். அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி!

பிறந்தவுடன் பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். பல வீடுகளில் இதே கதைதான். பதிவு செய்து 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். ஆகவே டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பாருங்கள். நாங்கள் பார்க்காததால் மூன்று வாரம் போனது.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, குட்டியைப் படுக்கவைத்து, அண்ணன் மேலே நின்று எடுத்தான். கண்ணைத் திறந்து, வாயை மூடி, நேராகப் பார்க்கும் ஒரு படத்துக்காக 64 முறை கிளிக். பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திடும் படிவமும் உண்டு. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவிகிதம் தள்ளுபடி.

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா அவசியம், கைக்குழந்தைக்கும்தான். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்கலாம். இதுதவிர, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் ஆன்லைனில் 'அரைவல் கார்டு' நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். ஆனால், தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். நானே ஒன்றில் பாதி வரை நிரப்பிவிட்டேன், கார்டு எண் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டாம்!

தொட்டிலா, நேரடி விமானமா?

வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடந்தது இதற்காகத்தான். நாங்கள் திருச்சி. இங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஆனால், அவை பட்ஜெட் விமானங்கள் என்பதால் குழந்தையைப் படுக்கவைக்கும் 'பேசினெட்' தொட்டில் கிடையாது. தொட்டில் வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்ப் பெரிய விமானம் பிடிக்க வேண்டும். அதுவும் முன்வரிசையில் சில இருக்கைகளுக்கு மட்டும்தான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், குழந்தையின் எடைக்கு வரம்பு உண்டு. சீட் பெல்ட் விளக்கு எரியும் போதெல்லாம் தூங்கும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

நான்கு மணி நேரத் தொட்டிலுக்காக 330 கிலோமீட்டர் சாலைப் பயணமா என்று யோசித்து, திருச்சியையே தேர்ந்தெடுத்தோம். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் நான் தொட்டில் கட்சிதான்.

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்காரலாம். டிக்கெட்டும் குறைவு. திரும்பி வரும் நாளிலும் இரண்டு வயது நிறைந்திருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நான் செய்த தவறு, விலை குறைவு என்று நள்ளிரவு விமானத்தைப் பிடித்தது. 'தூங்கிக்கொண்டே வந்துவிடுவாள்' என்று கணக்குப் போட்டேன். செக்-இன் வரிசை, செக்யூரிட்டி விளக்கு, அறிவிப்புச் சத்தம்... குட்டி விடியும் வரை விழித்திருந்தாள். அவளோடு 14-வது வரிசை முழுவதும் விழித்திருந்தது. குழந்தை வழக்கமாகச் சுறுசுறுப்பாக இருக்கும் பகல் நேரமே மேல்.

அந்த மூன்று நாள்

ஒன்பதாம் மாதத் தடுப்பூசி முடிந்த பிறகுதான் பயணத் தேதியே குறித்திருந்தோம். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது குட்டிக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை. அண்ணி, மடித்து வைத்த துணிகளை சூட்கேஸிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் முதலில் பார்த்தது காதைத்தான். காதுக்குள் தொற்று இருந்தால் விமானம் இறங்கும்போது அழுத்த மாற்றத்தில் வலி கடுமையாகும், பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்றார். நல்லவேளை, சாதாரண சளி. இறங்க ஆரம்பிக்கும்போதே பால் கொடுக்கச் சொன்னார், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விலகும். குட்டியின் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை எழுதிக் கொடுத்தார். "தூங்க வைக்க சிரப் ஏதாவது?" என்று அண்ணன் இழுத்தபோது, கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

சூட்கேஸ் மறுபடி நிறைந்தது. சீட்டுடன் மருந்து, ஓ.ஆர்.எஸ், முழுக்கை ஸ்வெட்டர். வெளியே நம் ஊர் போலத்தான் புழுக்கம், ஆனால் மால், ரயில் எங்கும் ஏசி குளிர். நம் சார்ஜருக்குப் பொருந்தாத, தட்டையான மூன்று முனை பிளக் என்பதால் அடாப்டர் ஒன்று. அம்மா கேழ்வரகு மாவு, நேந்திரங்காய் மாவு எடுத்துவைத்தார். குழம்புப் பொடியும் வந்தது. "கசகசா போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். நம் அஞ்சறைப்பெட்டியில் சாதாரணமாக இருக்கும் கசகசா, சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். பொடி வீட்டிலேயே தங்கியது.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. செக்யூரிட்டியில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

அங்கே போன பிறகு

தங்குவதற்கு வீட்டை நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைத்தோம். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அடுப்படியுடன் கூடிய, உரிமம் பெற்ற சர்வீஸ்டு அபார்ட்மென்ட் எடுத்தோம், லிட்டில் இந்தியா பக்கம். தேக்கா மார்க்கெட்டில் கீரையும் முருங்கைக்காயும் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குட்டிக்கு மூன்று வேளையும் வீட்டுப் பருப்பு சாதம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்றாலும், அம்மா காய்ச்சித்தான் கொடுத்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

முக்கியமான ஒன்று. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை அங்கே கட்டாயம். டாக்ஸிகளுக்கு மட்டும் விலக்கு, ஆப்பில் புக் செய்யும் தனியார் கார்களுக்குக் கிடையாது. இது தெரியாமல் புக் செய்தால் டிரைவர் ஏற்ற மறுப்பார். நாங்கள் பெரும்பாலும் எம்.ஆர்.டி ரயிலில்தான் போனோம். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது, தள்ளுவண்டியை மடிக்காமல் ஏறலாம், 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. ரயிலில் தமிழ் அறிவிப்புப் பலகையைப் பார்த்து அம்மா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

நான் போட்ட அட்டவணையில் நாளைக்கு மூன்று இடம். முதல் நாள் மதியத்திலேயே அதைக் கிழித்தாயிற்று. காலையில் ஒரு இடம், மதியம் அறைக்கு வந்து தூக்கம், மாலையில் பக்கத்தில் ஒரு நடை. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகவில்லை. அதற்குப் பதிலாக, கட்டணமில்லாத பொட்டானிக் கார்டனில் புல்லில் துண்டு விரித்து ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். குட்டி தவழ்ந்தாள். அண்ணி ஒரு மணி நேரம் தூங்கினார், முழுசாக.

கடைசி நாள் சாங்கி ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி. ஊரே போனைத் தூக்கி வீடியோ எடுத்தது. அண்ணன் குட்டியைத் தூக்கி அருவிப் பக்கம் திருப்பினான். அவளோ கழுத்தை வளைத்து, பின்னால் ஏறி இறங்கிக்கொண்டிருந்த எஸ்கலேட்டரைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

"இதுக்குத் திருச்சி ஜங்ஷனே போதுமேடா" என்றார் அம்மா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் எங்க போறோம்?"