வேர்க்கும் தரையும் வழுக்கும் காலும்!
கடலோர வீட்டுக்கு ஏற்ற தரை எது?

"மழைக்காலம் வந்தாலே எங்க வீட்டுத் தரை வேர்க்குது ஐயா. துடைச்சா அரை மணி நேரத்துல மறுபடியும் நசநசன்னு ஆயிருது. கால் விரல் இடுக்கெல்லாம் ஒரே அரிப்பு..."

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு என்று கடல் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள் பலரும் சொல்லும் புகார் இது. அரிப்புக்கு மருந்து கேட்டு வருகிறார்கள். மருந்து கொடுக்கலாம். ஆனால் தரை ஈரமாகவே இருந்தால் அரிப்பு திரும்பத்தானே செய்யும்?

வீடு கட்டும்போது வாஸ்து பார்க்கிறோம். ஜன்னலுக்கு எந்த மரம், சுவருக்கு எந்த வண்ணம் என்று பத்து பேரைக் கேட்கிறோம். தரைக்கு மட்டும் கடைக்குப் போய், "எது நல்லா பளபளன்னு இருக்கு?" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். நாள் முழுக்க வெறுங்காலோடு நடப்பது அந்தத் தரையில்தான். குழந்தை தவழ்வதும், தாத்தா பாய் விரித்துப் படுப்பதும் அதன் மேல்தான். கடலோர வீட்டில் இந்த அலட்சியத்துக்கு நம் உடம்பு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

தரை ஏன் வேர்க்கிறது?

காரணம் இரண்டு. ஒன்று கீழேயிருந்து வருவது, மற்றது மேலேயிருந்து வருவது.

கடலோர மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணிலுள்ள ஈரம் சிமெண்டின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். சுவரடியிலும் டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுதான் இது. அந்த உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்தால், கல்லையும் பூச்சையும் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

அது மட்டுமல்ல, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக்கொள்ளும். மழை நாளில் உப்பு ஜாடி கசிகிறதல்லவா? உப்பு ஏறிய தரையும் அப்படித்தான் கசியும்.

இனி மேலேயிருந்து வருவது. கடற்காற்றில் எப்போதும் நீராவி அதிகம். குளிர்ந்த தரையில் அது பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் போலத் துளிகள் கட்டும். இரவெல்லாம் ஏ.சி. ஓடிய அறையில் காலையில் ஜன்னலைத் திறந்தால் தரை வேர்ப்பது இதனால்தான். தண்ணீரை உறிஞ்சாத வழுவழு டைல்ஸில் அந்தத் துளி அப்படியே மேலே நிற்கும். வழுக்குவதும் அங்கேதான்.

முதலில் தரைக்கு அடியில் பாருங்கள்

எத்தனை விலை கொடுத்து டைல்ஸ் வாங்கினாலும் அடித்தளம் சரியில்லை என்றால் பணம் வீண். புதிதாகக் கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஒன்று: பேஸ்மட்டத்தை நன்றாக உயர்த்திக் கட்ட வேண்டும். உள்ளே நிரப்புவதற்குக் கடற்கரை மணல் கூடவே கூடாது.

இரண்டு: மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஜல்லி பரப்பி, அதன் மேல் 1000 கேஜ் கனமுள்ள பாலிதீன் ஷீட்டைக் கிழிசல் இல்லாமல் விரிக்க வேண்டும். ஷீட்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். சுவரிலும் ஈரத்தடைப் பூச்சு தேவை.

மூன்று: கலவை போடவும், தரையை நனைத்து வைக்கவும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. லாரித் தண்ணீர் வாங்கினாலும் பரவாயில்லை. இந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால், உப்பை நாமே தரைக்குள் வைத்துப் பூசிய கதைதான்.

பழைய வீட்டில் தரையை மாற்றப் போகிறீர்களா? ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலிதீன் தாளை வெறும் சிமெண்ட் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால், அல்லது தரை கறுத்திருந்தால், கீழேயிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். அதைச் சரி செய்யாமல் மேலே எதையும் ஒட்டாதீர்கள்.

எந்தத் தரை எப்படி?

சிவப்புச் சிமெண்ட் தரை: நம் பாட்டி காலத்து ரெட் ஆக்சைடு. காலுக்கு இதமானது, இடுக்குகள் இல்லாததால் அழுக்கு தங்காது. ஆனால் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும். கீழே ஈரம் இருந்தால் வெள்ளைத் திட்டுகள் விழும்.

ஆத்தங்குடி டைல்ஸ்: காரைக்குடிப் பக்கம் கண்ணாடிப் பலகை மேல் கையால் வார்ப்பது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அழகுக்குக் குறைவில்லை. நுண்துளை உள்ளது என்பதால், ஈரத்தடை சரியாக உள்ள கூடத்துக்கு ஏற்றது. குளியலறைக்கு வேண்டாம்.

தட்டோடு: சுட்ட மண். வெயில் காலத்தில் குளுமை. தண்ணீரோடு உப்பையும் உறிஞ்சுவதால், கடலோரத்தில் தரைத்தளத்தில் போட்டால் செதிலாக உரிய வாய்ப்பு அதிகம்.

கோட்டா, கடப்பா: இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. அதிகம் பாலிஷ் போடாத கல் காலை நன்றாகப் பிடிக்கும். வராண்டா, படிக்கட்டு, பின்கட்டுக்குச் சரியானது. புளி, எலுமிச்சை, ஆசிட் பட்டால் தழும்பு விழும்.

மார்பிள்: கடலோரத்துக்கு என் ஓட்டு இதற்கு இல்லை. இதுவும் அமிலத்துக்கு ஆகாது. ஈரம் ஏறினால் வெள்ளை மார்பிள் மஞ்சளிக்கும். செருப்பில் ஒட்டி வரும் மணல் தேய்த்துத் தேய்த்து அதன் பளபளப்பையும் கெடுத்துவிடும்.

கிரானைட்: உப்புக்கும் மணலுக்கும் புளிக்கும் அசையாது. கண்ணாடி போலப் பாலிஷ் செய்ததை அடுக்களை மேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரைக்குச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கேட்டு வாங்குங்கள்.

விட்ரிஃபைடு டைல்ஸ்: தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் உப்பு இதைத் தொடாது. ஆனால் வேர்வை மேலேயே நிற்கும். ஆகவே பளபளப்பு ரகம் வேண்டாம், 'மேட் ஃபினிஷ்' ரகம் வாங்குங்கள். இன்றைய நிலையில் பெரும்பாலான கடலோர வீடுகளுக்கு நடைமுறையில் ஒத்து வருவது இதுதான்.

லேமினேட் மரத்தரை, கம்பளம்: ஆசைப்படாதீர்கள்! மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிவிடும். கம்பளத்தில் பூஞ்சையும், தூசியில் வாழும் நுண்பூச்சிகளும் பெருகும். வீட்டில் இளைப்பு நோயாளி இருந்தால் இரண்டுமே ஆகாது.

யாருடைய கால் அது?

டைல்ஸ் கடைக்குப் போகுமுன் வீட்டில் உள்ளவர்களின் கால்களை ஒரு முறை பாருங்கள்.

முதியவர்கள்: மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வலு குறைகிறது. பளபளக்கும் புதுத்தரையில் ஒரு சொட்டு ஈரம் போதும். பேரன் பேத்திகளுக்கு ஓடியாடிப் பலகாரம் செய்து கொடுத்த பாட்டி, அன்றிலிருந்து கட்டிலோடு முடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லையா? ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? எண்ணெய் பூசி நீவவே கூடாது. அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் உடனே எக்ஸ்ரே எடுங்கள். அது தொடை எலும்பு முறிவாக இருக்கலாம். ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்து.

மூட்டுவலிக்காரர்கள்: "டைல்ஸ் போட்டா மூட்டுவலி வருமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். தரை மட்டுமே மூட்டைத் தேய்த்துவிடாது. ஆனால் குளிர்ச்சி வாதத்தையும் ஐயத்தையும் கூட்டும் என்பது சித்த மருத்துவக் கருத்து. ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்களுக்கு மார்கழிக் காலைச் சில்லிப்பு வேதனைதான். வீட்டுக்குள் மெத்தென்ற, வழுக்காத ரப்பர் செருப்பு போடுங்கள். வெறுந்தரையில் படுக்காமல் கோரைப்பாய் மேல் ஜமுக்காளம் விரித்துப் படுங்கள்.

சர்க்கரை நோயாளிகள்: பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பெயர்ந்த டைல்ஸின் விளிம்பு கீறினாலும் தெரியாது. உடைந்த டைல்ஸை உடனே மாற்றுங்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் காலைக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுவதுதான் முதல் மருந்து. சர்க்கரை உள்ளவர்கள் கைவைத்தியம் செய்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குளியலறை: எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால் தரையில் சிந்திய எண்ணெய் அடுத்து வருபவருக்கு எமன்! குளித்து முடித்ததும் சீயக்காயோ சோப்புத் தூளோ போட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இந்த அறைக்கு டைல்ஸ் வாங்கும்போது பிடிப்பு எண்ணைக் கேளுங்கள். ஆர் 9 முதல் ஆர் 13 வரை இருக்கிறது, எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். குளியலறைக்கு ஆர் 11 இருந்தால் நிம்மதி. தண்ணீர் தேங்காமல் ஓட, மீட்டருக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் சரிவு வைக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒரு கைப்பிடியும் அவசியம்.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது

திருஷ்டி கழியும், பூச்சி வராது என்று கல்லுப்பு கரைத்த தண்ணீரால் வீடு துடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கடலோர வீட்டில் இதை விட்டுவிடுங்கள். தண்ணீர் காய்ந்த பின் தங்கும் உப்பு, ஈரத்தை விருந்துக்கு அழைக்கும்! நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி ஒரு முறை துடையுங்கள். ஃபேனைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். மழை மூட்டமான காலையில் தரை வேர்த்தால் மேலும் தண்ணீர் விட்டு அலசாதீர்கள். காய்ந்த துணி மட்டும் போதும்.

கறை போக ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

கடைக்குப் போகும் முன்...

* வீட்டில் வயதானவர் இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள்.
* பிடித்த டைல்ஸைத் தரையில் வைத்து, ஒரு கை தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் ஏறி நிற்கச் சொல்லுங்கள். கால் நழுவினால் அந்த ரகம் வேண்டாம்.
* வீடு முழுக்க ஒரே டைல்ஸ் போட வேண்டியதில்லை. கூடத்துக்கு ஒன்று, குளியலறைக்கும் வாசலுக்கும் சொரசொரப்பாக ஒன்று என்று பிரித்து வாங்குங்கள்.
* சில டைல்ஸைக் கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள். பெயர்ந்தால் மாற்ற உதவும்.
* வாசலில் கால் கழுவக் குழாயும், முரட்டு மிதியடியும் வையுங்கள். மணல் உள்ளே வராது.

பளபளப்பு நாலு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். கால் மட்டும் தினமும் அந்தத் தரையில்தான் நடக்க வேண்டும். கண்ணைக் கேட்காதீர்கள், காலைக் கேட்டு வாங்குங்கள்!