நிலத்தடி நீர் வழக்கு: நிலமற்றவருக்கும் இடமுண்டு

புது தில்லி: தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கே என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். இதனால், ஊர்க் கிணறு வற்றினாலும் நிலமற்றவர் உரிமை கோரி வழக்காடுவது கடினம்.

கேரளத்தின் பிளாச்சிமடா குளிர்பான ஆலை விவகாரத்தில், பெருமாட்டி கிராம ஊராட்சியே உயர் நீதிமன்றம் சென்றது. நிலத்தடி நீர் பொதுமக்களுக்கு உரியது என 2003-இல் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை.

2010-ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் புதிய வழி திறந்தது. சுற்றுச்சூழல் சீர்கேட்டால் பாதிக்கப்பட்ட எவரும், அவர்களது பிரதிநிதித்துவ அமைப்புகளும் மனுச் செய்யலாம். நிலப் பத்திரம் தேவையில்லை. ஆனால், பிரச்னை எழுந்த 6 மாதங்களுக்குள் வர வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் 60 நாள்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும் நீர்மட்டத்துக்கு இக்கெடு போதுமா என்பதே கேள்வி.